கிளாஸ்ஃபிஷ் சர்வருக்குள் பிஎச்பி ஓடுமா?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. கம்பெனியின் ஈஆர்பி, அதாவது இன்வாய்ஸ், சரக்கு, கணக்கு எல்லாம் பார்க்கும் சாஃப்ட்வேர், ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா புரோகிராம்களை ஓட்டும் அப்ளிகேஷன் சர்வரான கிளாஸ்ஃபிஷ் மேல் ஓடுகிறது, பின்னால் ஆரக்கிள் டேட்டாபேஸ். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் தைக்க அனுப்பும் ஷூ அப்பர்களுக்கான (ஷூவின் மேல்பாகம்) ஜாப் வொர்க் பதிவேடு மட்டும் தனியாக, வெப் பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி மொழியில் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு பழைய டெஸ்க்டாப்பில் அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் எக்ஸாம்ப் போட்டு, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த டெஸ்க்டாப் இன்றோ நாளையோ என்று இருக்கிறது. மேனேஜர் சொல்வது: "எல்லாம் ஒரே சர்வரில் இருக்கட்டும், ஒரே லாகின் போதும், புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்." குவெர்கஸ் என்று ஒன்று இருக்கிறதாமே, அதை வைத்து பிஎச்பியை கிளாஸ்ஃபிஷ் உள்ளேயே ஓட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

ஓட்டலாம் தம்பி. நானே ஓட்டியிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன நிலைமையில் நான் அதைச் செய்ய மாட்டேன். ஏன் என்பதையும், பதிலுக்கு என்ன செய்வேன் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் இரண்டின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போயிருப்பீர்கள். விடியற்காலையில் கூடும், வியாபாரம் நடக்கும், கலையும். மறுநாள் போனால் வெறும் மைதானம். பிஎச்பி அந்த மாதிரி. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் அதை வெளியிட்ட நாளிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை: பிரவுசரிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தால் ஸ்கிரிப்ட் வெறுங்கையோடு தொடங்கும், வேலையை முடிக்கும், மாறிகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விடும். அடுத்த வேண்டுகோளுக்கு மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் பிஎச்பி எழுதுகிறவர்கள் மெமரியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யோசிப்பதே இல்லை. யோசிக்கத் தேவையும் இல்லை.

அப்ளிகேஷன் சர்வர் அப்படியில்லை. அது வேலூர் லாங்கு பஜார் கடை மாதிரி. ஷட்டரைத் திறந்தால் மாதக்கணக்கில் அதே சரக்கு, அதே கல்லா, அதே கணக்கு நோட்டு. ஒரே ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் இயந்திரம்), ஒரே ஹீப் (அது எடுத்துக்கொள்ளும் மெமரி). அதற்குள்தான் ஈஆர்பியின் செஷன்கள், டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள், கேஷ் எல்லாம் குடியிருக்கின்றன. சந்தையில் ஒரு மாடு மிரண்டால் மைதானத்தோடு போயிற்று. அந்த மாடு கடைக்குள் மிரண்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம்.

குவெர்கஸ் என்ன செய்கிறது? ரெசின் என்ற ஜாவா சர்வரை எழுதிய காச்சோ என்ற நிறுவனம், பிஎச்பி 5 மொழியை முழுக்க ஜாவாவிலேயே திரும்ப எழுதியது. மொழி மட்டும் இல்லை. எழுத்துச் சரத்தைப் பிரிப்பது, மைஎஸ்கியூஎல்லோடு பேசுவது, படம் வரைவது என்று உள்ளே வரும் ஃபங்ஷன்களையும் ஜாவாவில் எழுதினார்கள். அதன் ஜார் ஃபைல்களை (ஜாவா கோடின் பொதி) ஒரு வார் ஃபைலுக்குள் (வெப் அப்ளிகேஷன் முழுவதன் பொதி) வைத்து, அமைப்பு ஃபைலான வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் "டாட் பிஎச்பி என்று முடியும் முகவரி எல்லாம் குவெர்கஸ் செர்வ்லெட்டுக்குப் போகட்டும்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். செர்வ்லெட் என்றால் வேண்டுகோளை வாங்கிப் பதில் தரும் ஜாவா புரோகிராம். கிளாஸ்ஃபிஷ், டாம்கேட் போன்ற ஜாவா சர்வர் எதிலும் ஓடும். இலவசப் பதிப்பு ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து இயக்கும். காசு கொடுத்து வாங்கும் பதிப்பு ஜாவா கிளாஸாக மாற்றி இயக்கும். வேர்ட்பிரஸ், ட்ரூபல் எல்லாம் அதன் மேல் ஓடியிருக்கின்றன.

அதில் எனக்கு நிஜமாகவே பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பிஎச்பி பக்கத்திலிருந்து ஜாவா கிளாஸை நேரடியாகக் கூப்பிடலாம். ஈஆர்பியில் ஒரு ஜோடியின் அடக்க விலையைக் கணக்குப் போடும் கிளாஸ் இருந்தால், பிஎச்பியில் அதை இம்போர்ட் செய்து அதே கணக்கை வாங்கலாம், இரண்டாம் தடவை எழுத வேண்டாம். வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் 'டேட்டாபேஸ்' என்ற பாராமீட்டரைக் கொடுத்தால், மைஎஸ்கியூஎல் கனெக்ட் என்று பழைய புரோகிராம் கோடு கேட்கும் ஒவ்வொரு கனெக்‌ஷனும் கிளாஸ்ஃபிஷ் தயாராக வைத்திருக்கும் பூலிலிருந்து வரும். உங்கள் வேலைக்கு இது தேவை என்றால் குவெர்கஸ் நல்ல கருவி. ஆனால் உங்கள் ஜாப் வொர்க் பதிவேடு ஒரு ஜாவா கிளாஸைக்கூடத் தொடவில்லை. அது கேட்பது தங்க ஓர் இடம், அவ்வளவுதான்.

இனி உள்ளே வைத்தால் எங்கெல்லாம் இடிக்கும் என்று பார்ப்போம். எல்லாம் நான் கையால் தொட்டுப் பார்த்தவை.

முதலாவது பாதுகாப்பு. பழைய பிஎச்பி கோடில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை 'கான்ஃபிக் டாட் இன்க்' என்று ஒரு ஃபைலில் வைத்திருப்பார்கள். அப்பாச்சியில் அதை யாரும் திறக்கக் கூடாது என்று எச்டி-அக்சஸ் ஃபைலில் ஒரு வரி இருக்கும். கிளாஸ்ஃபிஷ் எச்டி-அக்சஸ் ஃபைலைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. டாட் பிஎச்பி என்று முடிவது மட்டும்தான் குவெர்கஸுக்குப் போகும். டாட் இன்க் வந்தால் சர்வரின் சாதாரண செர்வ்லெட் அதை வெறும் டெக்ஸ்டாக எடுத்துக் கொடுத்துவிடும். பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் பாஸ்வேர்டு பளிச்சென்று தெரியும். வார் ஃபைலாக மாற்றுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்த மாதிரி ஃபைல்களை வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் தள்ளுவது. அந்த ஃபோல்டரை வெளியாள் யாரும் திறக்க முடியாது.

அப்புறம் முகவரி. உங்கள் பதிவேடு கோடுஇக்னைட்டர் என்ற பிஎச்பி சட்டகத்தில் எழுதியது என்றால், முகவரி 'இண்டெக்ஸ் டாட் பிஎச்பி', சாய்கோடு, 'சலான்', சாய்கோடு, 'லிஸ்ட்' என்று போகும். செர்வ்லெட் விதிப்படி நட்சத்திரம்-டாட்-பிஎச்பி என்ற பொருத்தம் முகவரியின் கடைசித் துண்டைத்தான் பார்க்கும். கடைசித் துண்டு 'லிஸ்ட்'. அதில் டாட் பிஎச்பி இல்லை. விளைவு 404. முகப்புப் பக்கம் அழகாக வரும், உள்ளே ஒரு பக்கம்கூட வராது. முகவரியை மாற்றிக் கொடுக்கும் ரீரைட் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, பதிவேற்றும் படங்கள். திரும்பி வந்த அப்பர்களில் பழுது இருந்தால் ஃபோட்டோ எடுத்து ஏற்றுவீர்கள் அல்லவா? அது அப்ளிகேஷன் ஃபோல்டருக்குள்ளேயே 'அப்லோட்ஸ்' என்று சேரும். கிளாஸ்ஃபிஷ்ஷில் அடுத்த தடவை வார் ஃபைலை ரீடிப்ளாய் செய்யும்போது, அதாவது மறுபடி ஏற்றும்போது, பழைய ஃபோல்டர் துடைக்கப்படும். படங்களும் அதோடு போகும். வெளியே தனி ஃபோல்டர் வைத்துக்கொண்டால் தப்பலாம்.

சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷன்கள் (பிஎச்பியின் கூடுதல் பகுதிகள்) எதுவும் குவெர்கஸில் ஏறாது. மொழியே பிஎச்பி 5 காலத்தோடு நின்றுவிட்டது. பிஎச்பி 7-ல் வந்த புதிய எழுத்துமுறையை அது படிக்காது. ஜாவா பக்கத்திலும் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஜாவா சர்வர்களுக்கான விதித்தொகுப்பாக 2020-ல் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் 'ஜாவாஎக்ஸ்' என்ற பெயர்களை எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாற்றிவிட்டார்கள். கிளாஸ்ஃபிஷ் 6, டாம்கேட் 10 முதல் அந்தப் புதுப் பெயர்தான். பழைய பெயரை நம்பி எழுதிய குவெர்கஸ் ஜார் அங்கே அப்படியே ஏறாது. ஆகவே குவெர்கஸ் வேண்டுமென்றால் ஈஆர்பியின் சர்வரையும் பழைய பதிப்பிலேயே கட்டிப்போட வேண்டும். ஒரு சின்னப் பதிவேட்டுக்காகப் பெரிய சர்வரை நிறுத்தி வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம்கூட வேலை செய்து சரிப்படுத்திவிடலாம். ஹீப் விஷயம்தான் சரிப்படாது. 2011 வாக்கில் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு நான் இதே வேலையைச் செய்து கொடுத்தேன். கிளாஸ்ஃபிஷ், குவெர்கஸ், உள்ளே ஒரு பிஎச்பி ரிப்போர்ட். நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஒரு மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸில் இருந்த அம்மா ஒருவர், தேதி வரம்பு போடாமல் ரிப்போர்ட் பட்டனை அழுத்தினார். கோடு எல்லா வரிகளையும் ஒரே அரேயில் சேர்த்து, கடைசியில் கூட்டிக் காட்டும். ஹீப் 512 எம்பி. கிளாஸ்ஃபிஷ்ஷின் இயல்பான அளவு, நான் கூட்டி வைக்கவில்லை. அந்த அரே வளர்ந்து ஹீப் நிறைந்தது. நிறைந்த பிறகு அடுத்து யார் மெமரி கேட்டாலும் அவர்களுக்கு அடி. கேட்டது ரிப்போர்ட்டா, இன்வாய்ஸா என்று ஜேவிஎம் பார்க்காது.

கேட்டுக்கு வெளியே கண்டெய்னர் லாரி நின்றது. சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கு. இன்வாய்ஸ் பிரிண்ட் ஆகவில்லை, கேட் பாஸ் வரவில்லை. டிரைவர் லாரி நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியைப் பார்த்து, சர்வரை நிறுத்தித் திரும்ப ஏற்றுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. அதே ரிப்போர்ட் சாதாரண பிஎச்பியில் ஓடியிருந்தால் மெமரி லிமிட் 128 எம்பியைத் தொட்டதும் அந்த ஒரு வேண்டுகோள் மட்டும் செத்திருக்கும். அந்த அம்மாவின் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்திருக்கும். லாரி போயிருக்கும். அன்றைக்கு அந்த டிரைவரிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். இது விழுந்தால் அதுவும் விழலாமா? கூடாது என்றால் இரண்டையும் ஒரே ஜேவிஎம்மில் வைக்கக் கூடாது.

வேறு வழிகளும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் அதிகம் நிற்க வேண்டாம். பிஎச்பி-ஜாவா பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. அதில் பிஎச்பி தன் இன்டர்ப்ரெட்டரிலேயே ஓடும், ஜாவாவோடு ஒரு நெறிமுறை வழியாகப் பேசும். ஜாவா கிளாஸைக் கூப்பிடத் தேவை இருப்பவர்களுக்கு அது உதவும். டாம்கேட்டில் சிஜிஐ செர்வ்லெட் இருக்கிறது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு புது புராசஸைத் தொடங்கும், பத்துப் பேர் சேர்ந்து திறந்தாலே மூச்சு வாங்கும்.

சரி, நான் செய்வது இதுதான். சர்வர் லினக்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். அதே மெஷினில் முன்னால் ஒரு அப்பாச்சி 2.4, பக்கத்தில் பிஎச்பியைத் தனிப் புராசஸாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம். உலகம் பார்ப்பது அப்பாச்சியை மட்டும். 'ஜாப்வொர்க்' என்று தொடங்கும் முகவரிகளை அப்பாச்சி எஃப்பிஎம்முக்கு அனுப்பும், மற்ற எல்லாவற்றையும் போர்ட் 8080-ல் இருக்கும் கிளாஸ்ஃபிஷ்ஷுக்கு அனுப்பும். பயனாளிக்கு ஒரே சர்வர், ஒரே முகவரி. பின்னால் இரண்டு தனித்தனிப் புராசஸ். ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும். இப்படிப் பிரித்து அனுப்பும் பிராக்ஸி விதிகளை எழுதும்போது வரிசை முக்கியம்: எழுதிய வரிசையில் முதலில் பொருந்துவதுதான் எடுபடும். ஆகவே ஜாப்வொர்க் வரி மேலே, எல்லாவற்றையும் அள்ளும் வரி கீழே. மாற்றி எழுதிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளாஸ்ஃபிஷ்ஷின் 8080-ஐயும் நிர்வாகப் போர்ட் 4848-ஐயும் வெளியே மூடிவிடுங்கள். அப்பாச்சிக்கும் ஜாவா சர்வருக்கும் நடுவே ஏஜேபி என்ற தனி நெறிமுறையைப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், சாதாரண எச்டிடிபி பிராக்ஸியே போதும் என்று சொல்லுங்கள். 2020-ல் டாம்கேட்டின் ஏஜேபி போர்ட் 8009 வழியாகச் சர்வரின் உள் ஃபைல்களையே படிக்க முடிகிற ஓட்டை வெளியானது நினைவிருக்கும்.

எஃப்பிஎம்முக்கு எத்தனை சைல்டு (வேண்டுகோளைக் கவனிக்கும் புராசஸ்)? ஒரு சைல்டு 40 எம்பி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 20 சைல்டுக்கு 800 எம்பி. ஜாப் வொர்க் பதிவேட்டை ஒரே நேரத்தில் பத்துப் பேர் பார்த்தாலே அதிகம். 10 போதும். கிளாஸ்ஃபிஷ்ஷின் ஹீப் போக அந்த மெமரி மெஷினில் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்கு ஒரு வேலை கட்டாயம் சேரும், அதை மறைக்க மாட்டேன். இன்று பிஎச்பி போட்டால் 8 வரும். பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை 7.0-லேயே எடுத்துவிட்டார்கள். அவற்றை எல்லாம் பிடிஓ என்ற டேட்டாபேஸ் முறைக்கு மாற்ற வேண்டும். குவெர்கஸ் போட்டால் அந்தப் பழைய ஃபங்ஷன்கள் அப்படியே ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோடில் பயனாளி அடித்ததை அப்படியே கொயரியில் ஒட்டியிருப்பார்கள், பார்த்தால் தெரியும். எப்படியும் அதைத் திருத்தியே ஆக வேண்டும். பழைய பிஎச்பி 5.6-ஐயே போட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன.

ஒரே லாகின் என்று மேனேஜர் கேட்டார் இல்லையா? இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஈஆர்பியில் லாகின் செய்ததும் கிளாஸ்ஃபிஷ் ஜேசெஷன்ஐடி என்ற குக்கியைக் (பிரவுசர் வைத்துக்கொள்ளும் அடையாளச் சீட்டு) கொடுக்கும். அந்தக் குக்கியின் பாதை, ஈஆர்பி இருக்கும் பாதை மட்டும். அதாவது 'ஈஆர்பி' என்று தொடங்கும் முகவரிக்குத்தான் பிரவுசர் அதை அனுப்பும், 'ஜாப்வொர்க்' பக்கத்துக்கு அனுப்பாது. ஆகவே கிளாஸ்ஃபிஷ்ஷின் வெப் அமைப்பு ஃபைலில் குக்கி பாதையை வெறும் சாய்கோடாக மாற்றுங்கள். அதே டொமைனில் வேறு ஜாவா அப்ளிகேஷன் ஒன்றும் இருந்தால், இரண்டும் ஒரே பெயரில் குக்கி எழுதி ஒன்றை ஒன்று அழிக்கும். அப்படி இருந்தால் குக்கியின் பெயரையும் மாற்ற வேண்டும்.

அப்புறம் ஈஆர்பி எழுதியவர்களிடம் கேட்டு ஒரு சின்ன செர்வ்லெட் வாங்குங்கள். 'நான் யார்' என்று கேட்டால் லாகின் செய்தவரின் பெயரையும் பொறுப்பையும் ஜேசான் என்ற டெக்ஸ்ட் வடிவில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பிஎச்பி பக்கம், வந்த குக்கியை, வேறு முகவரியைக் கூப்பிட உதவும் கர்ல் வழியாக அந்த செர்வ்லெட்டுக்கு அனுப்பி விடையை வாங்கிக்கொள்ளும். ஐந்து நிமிஷத்துக்குத் தன் செஷனில் வைத்துக்கொள்ளலாம். விடை வரவில்லை என்றால் ஈஆர்பி லாகின் பக்கத்துக்கே திருப்பிவிடுங்கள். இரண்டாவது பாஸ்வேர்டு எங்கும் இல்லை.

தமிழ் எழுத்து விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பார்ட்டி பெயர்கள் தமிழில்தான் இருக்கும். 'வாலாஜாபேட்டை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 12 குறிகள். அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்கு 36 என்று சொல்லும், ஜாவா 12 என்று சொல்லும். சலானில் ஊர்ப் பெயருக்கு 20 என்று பழைய கோடு வெட்டியிருந்தால், பிஎச்பியில் 'வாலாஜா' வரை வந்து, 'பே'வின் பாதியில் அறுந்து ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். ஆங்கிலத்தில் பெயர் எழுதிய வரைக்கும் யாருக்கும் தெரியாமல் இருந்த பிழை இது. பிஎச்பியில் 'எம்பி' (mb_) என்று தொடங்கும் ஃபங்ஷன்களுக்கு மாறினால் 12 என்று எண்ணும். அதிலும் வெட்டு ஒரு கொம்புக்கு நடுவே விழலாம். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக வெட்ட வேண்டுமென்றால் இன்டல் (intl) எக்ஸ்டென்ஷனின் கிராஃபீம் ஃபங்ஷன்கள்தான் சரி.

இதே பெயரை ஈஆர்பிக்கு அனுப்பும்போது இன்னொரு இடம் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் வார்கேர் 20 என்றால் 20 குறிகள். வாலாஜாபேட்டை தாராளமாக உட்காரும். ஆரக்கிளில் வார்கேர்2 20 என்றால், வேறு சொல்லாதவரை, 20 பைட். 36 பைட் பெயரைக் கொடுத்தால் ஓஆர்ஏ-12899 என்று திருப்பி அடிக்கும். ஈஆர்பியின் அட்டவணையில் அந்த நெடுவரிசையின் அளவு பைட்டா, கேரக்டரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டத்துக்கான நெடுவரிசையையும் ஒரு பார்வை பாருங்கள். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய பார்ட்டிகளின் முகவரியில் வட ஆற்காடு, வேலூர் என்று கலந்துகிடக்கும். உங்கள் ஆம்பூரே இன்று திருப்பத்தூர் மாவட்டம். டேட்டாவை மாற்றும் இந்த நேரத்தில் திருத்தாவிட்டால் பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். குவெர்கஸும் புது சாஃப்ட்வேர்தான், ஜார் ஃபைலாக உள்ளே போவதால் கண்ணில் படுவதில்லை என்று சொல்லுங்கள். அப்பாச்சியும் பிஎச்பியும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பேக்கேஜாகவே வரும், அப்டேட்டும் அதோடு வரும். "பதிவேடு நின்றாலும் இன்வாய்ஸ் நிற்காது" என்ற ஒரு வரியை அழுத்திச் சொல்லுங்கள். ஏற்றுமதி செய்கிறவருக்கு அது உடனே புரியும்.

கடைசியாக கரண்ட். கத்திரி வெயிலில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டால் மெஷின் தானாகத் திரும்ப எழும்போது எல்லாம் வரிசையாக வர வேண்டும். எஃப்பிஎம் சில நொடிகளில் தயாராகிவிடும்; ஆரக்கிளும் அதன் பிறகு கிளாஸ்ஃபிஷ்ஷும் எழ நிமிஷங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பதிவேடு திறந்தால் 'நான் யார்' செர்வ்லெட் பதில் சொல்லாது. கர்லுக்கு 3 நொடி டைம்அவுட் வைத்து, "ஈஆர்பி இன்னும் தயாராகவில்லை, சற்றுப் பொறுக்கவும்" என்று ஒரு பக்கம் காட்டுங்கள். டைம்அவுட் வைக்காவிட்டால் 10 சைல்டும் காத்துக்கொண்டே நிற்கும். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் மெஷினை நீங்களே நிறுத்தி, திரும்ப எழுப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பழைய டெஸ்க்டாப்பை அணையுங்கள்.